நடுவழியில் இலாகா மாற்றம்: நம் செட்டிநாட்டுச் சீமைக்கு லாபமா, நட்டமா?

தேவகோட்டைக்காரன்:
அமைச்சரவை மாற்றம் என்றாலே யார் உள்ளே, யார் வெளியே என்றுதான் பேசுகிறோம். உள்ளே இருப்பவரின் இலாகா மாறுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் எம்.எல்.ஏ.வாக இருந்த பெரியகருப்பன் 2021 மே மாதம் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரானார். 2022 டிசம்பரில் உதயநிதி அமைச்சரானபோது அந்தத் துறை ஐ. பெரியசாமிக்குப் போனது, பெரியகருப்பனுக்குக் கூட்டுறவுத் துறை வந்தது. துறையின் நெளிவு சுளிவு பிடிபடவே ஒன்றரை ஆண்டு ஆகுமே! ஊரக வளர்ச்சித் துறை பார்க்கும் ஊருணிகளை நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. நமக்கு இது நட்டம்.

கண்டனூர் வாசி:
அண்ணே, அமைச்சர் மாநிலத்துக்குத்தான், தொகுதிக்கு அல்ல. சட்டமன்றத்தில் 234 இடங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 91-ஆவது திருத்தப்படி அதில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது. முதல்வரையும் சேர்த்து 35 பேர். மாவட்டங்களோ 38. மாவட்டத்துக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டாலே இடிக்கிறது. 2021-இல் காரைக்குடியில் வென்றவர் காங்கிரஸ்காரர்; கூட்டணியில் இருந்தும் அமைச்சரவையில் அக்கட்சிக்கு இடம் தரப்படவில்லை. அதற்காக நம் ஊர் வேலைகள் நின்றுவிட வேண்டுமா? எல்லாருக்கும் நடுவழியில் மாறிவிடுவதும் இல்லை. திருமயம் ரகுபதி சட்டத்துறையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். 2025 மே மாதம்தான் அவரும் துரைமுருகனும் சட்டத்தையும் கனிமவளத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

ஆத்தங்குடி ஆச்சி:
கூட்டுறவு கிடைத்தது நட்டம் என்று எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது, தம்பி. சிட்டா, அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு பயிர்க்கடனுக்காகச் சங்கத்து வாசலில் நின்று பாருங்கள். 2021-இல் அறிவித்த 5 பவுன் நகைக்கடன் தள்ளுபடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தன் சங்கிலியை மீட்டு, மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்த பிறகும் முடிச்சிலிருந்து அவள் கை விலகவில்லை. ஏழை வீட்டுக்கு இதைவிட நெருக்கமான துறை வேறு எது?

தேவகோட்டைக்காரன்:
ஆச்சி சொல்வது சரி. கூட்டுறவைக் குறைத்து மதிப்பிட்டது என் தவறு. ஆனால் என் கவலை வேறு. முந்தைய ஓர் ஆட்சியில் ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். "அமைச்சர் மாறிவிட்டார், புதியவர் பெயருக்கு எழுதி வாருங்கள்" என்றார்கள். பழைய பெயரைப் பேனாவால் அடித்து, மேலே புதுப் பெயரை எழுதி நீட்டினேன். அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று அதையும் திருப்பிவிட்டார்கள். அடுத்த மழைக்கும் வரத்துக்கால் தூர்ந்தே கிடந்தது.

கண்டனூர் வாசி:
அது அலுவலகத்தின் குற்றம்; இலாகா மாற்றத்தின் மீது ஏன் போடுகிறீர்கள்? கோப்பு துறைக்குச் சொந்தம். அமைச்சர் போனாலும் செயலாளர் இருக்கிறார், பட்ஜெட் ஒதுக்கீடு இருக்கிறது. சரியாகச் செய்யாதவரை மாற்றும் உரிமையும் முதல்வருக்கு வேண்டுமல்லவா?

தேவகோட்டைக்காரன்:
செயலாளரும்தான் மாறுகிறார், தம்பி. சரியாகச் செய்யாதவரை மாற்றட்டும், நான் மறுக்கவில்லை. கட்சிக் கணக்குக்காக மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். மூன்று பட்ஜெட்டாவது ஒரே கையில் துறை இருக்கட்டும். கேள்வி கேட்க நமக்கும் ஓர் ஆள் வேண்டும்.