ஹோனஸ் வாக்னர் ஷார்ட்ஸ்டாப்பாக நிலைத்தது எந்த வயதில்?

தக்கலையிலிருந்து:
மக்களே, அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறான். இந்த வருஷம் மட்டும் முதல் பேஸ், மூன்றாம் பேஸ், அவுட்ஃபீல்டு (மைதானத்தின் வெளிப்பகுதி) என்று மூன்று இடம் மாற்றிவிட்டார்கள். "எனக்குன்னு ஒரு இடமே கிடையாதா மாமா"ன்னு கேட்கிறான், சோறுகூட சரியாக இறங்கவில்லை. பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரும் இப்படிப் பல இடம் ஆடியவர் என்றார்கள். உண்மையா? அவனிடம் வாசித்துக் காட்டணும்.

பதில், மார்த்தாண்டம்:
உண்மைதான் அண்ணே. 1874-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், சின்னப் பையனாகவே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1897-ல் லூயிவில் அணியில் பெரிய லீக்குக்கு வந்தார். 1899 முடிந்ததும் அந்த அணியை லீக்கிலிருந்தே எடுத்துவிட, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனார், அங்கே 1917 வரை. 1900-ல் பெரும்பாலும் ரைட் ஃபீல்டில்தான், அதாவது அவுட்ஃபீல்டின் வலது பக்கம் நின்றார், அந்த வருஷம்தான் .381 பேட்டிங் சராசரியோடு நேஷனல் லீக்கில் முதலிடம். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) என்று நிலைத்தது 1903-ல், வயது 29. கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஒன்று தவிர எல்லா இடத்திலும் ஆடியிருக்கிறார், பந்தும் வீசியிருக்கிறார்.

பதில், குளச்சல்:
வளைந்த கால், நீண்ட கை, கனத்த உடம்பு. பார்த்தால் ஷார்ட்ஸ்டாப் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் 700-க்கும் மேல் பேஸ் திருடியிருக்கிறார் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), எட்டு முறை பேட்டிங்கில் முதலிடம். பையனிடம் 1903 உலகத் தொடரையும் (சாம்பியன் யார் என்று முடிவாகும் தொடர்) சொல்லுங்கள். பைரேட்ஸ் பாஸ்டனிடம் தோற்றார்கள், இவர் சராசரி .222, கடைசி ஆட்டத்தில் கடைசியாகப் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் இவரே. அது அவரை ரொம்ப வருத்தியது. அப்புறம் 1909 உலகத் தொடரில், அந்தக் காலத்து இன்னொரு பெரிய ஆட்டக்காரர் டை காப் ஆடிய டெட்ராய்ட்டை வென்றபோது .333 அடித்து ஆறு பேஸ் திருடினார், காப் .231 தான். 1936-ல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் இவரும் ஒருவர்.

பதில், நாகர்கோவில்:
இன்னொன்று. அவுட்ஃபீல்டில் தூரத்திலிருந்து எறிந்து பழகிய கை, மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறியும்போது கைகொடுக்கும். மூன்று இடத்திலும் நிற்கத் தெரிந்த பையனை எந்தப் பயிற்சியாளரும் வெளியே உட்கார வைக்கமாட்டார், நான் ஆடிய காலத்தில் கண்ணால் பார்த்தது.

தக்கலையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன். 1903-ல் அவுட் ஆன இடத்தில் என்னை நிறுத்தி, "அடுத்த வருஷம் என்ன செஞ்சாரு?"ன்னு கேட்டான். .349, மறுபடியும் முதலிடம் என்றேன். இப்போது முற்றத்தில் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறான்.