ஒன்பது வருஷ நிரல் எப்படி இப்படி ஆனது, எங்கிருந்து பார்ப்பது?

புதுக்கை:
பில்லிங் நிரல் ஒன்று என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. வயது ஒன்பது. எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. விக்கியில் நிரலின் அமைப்பைக் காட்டும் ஒரு படம் இருக்கிறது: ஐந்து பெட்டி, நாலு அம்பு, பார்க்க அவ்வளவு அழகு. நிரலைத் திறந்தால் அந்தப் படத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எப்போது, எப்படிக் கலைந்தது என்று தெரியாமல் கைவைக்கப் பயமாக இருக்கிறது. கிட் லாகை, அதாவது நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவேட்டை, முதல் கமிட்டிலிருந்து (ஒரு தடவை பதிந்த மாற்றம் ஒரு கமிட்) படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாளில் 300 தாண்டவில்லை, இன்னும் 11,000 பாக்கி. வேறு வழி உண்டா?

பழையகை:
வரிசையாகப் படிக்காதீர்கள், நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். எந்தெந்த ஃபைல்கள் ஒரே கமிட்டில் சேர்ந்து மாறுகின்றன என்று எண்ணுங்கள். சின்ன ஸ்கிரிப்ட் போதும். எங்களிடம் வரிக்கணக்கு ஃபைலும் மெயில் டெம்ப்ளேட்டும் ஜோடியாகவே மாறிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று இம்போர்ட் செய்யவே இல்லை (உள்ளே அழைத்துப் பயன்படுத்தவில்லை), அதனால் எது எதைச் சார்ந்தது என்று காட்டும் டிபெண்டன்சி படத்தில் எதுவும் தெரியாது. தோண்டினால், தசமத்தை முழு எண்ணாக்கும் நாலு வரியை யாரோ டெம்ப்ளேட்டுக்குள்ளும் காப்பி அடித்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் திருத்தி மறுபக்கம் மறந்தால் பில்லில் ஒரு தொகை, மெயிலில் வேறு தொகை. இதை வருஷவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். மொத்தமாக எண்ணினால் என்றோ செத்துப்போன ஜோடிகளும் மேலே வந்து நிற்கும்.

இரவுடெப்ளாய்:
ஃபார்மேட்டர் (நிரலின் இடைவெளி, வரி அமைப்பை மட்டும் சீராக்கும் கருவி) ஓட்டிய கமிட்டுகளைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாமே எல்லாவற்றுக்கும் சொந்தமாகிவிடும். 30 ஃபைலுக்கு மேல் தொட்டதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம், கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதே கிடையாது. பழைய ஃபைலும் புது ஃபைலும் பாதியாவது ஒத்துப்போனால் பெயர் மாறியது என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஃபோல்டர் மாற்றும்போதே உள்ளேயும் நிறையத் திருத்தியிருந்தால் கதை அங்கே அறுந்துவிடும்.

மூன்றாம்தளம்:
ஆட்களையும் பாருங்கள். ஒரு அமைப்பின் வடிவம் அதைக் கட்டுகிறவர்கள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் போலவே அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். டீம் பிரிந்த மாதம் எது?

புதுக்கை:
ஓட்டிப் பார்த்தேன். நான்காம் வருஷம் வரை படம் சரியாகத்தான் இருந்திருக்கிறது! அந்த வருஷம்தான் லாகில் புதுப் பெயர்கள் வருகின்றன. அதிலிருந்து தள்ளுபடி ஃபைல் ஒன்று ஐந்து பெட்டியோடும் சேர்ந்து மாறுகிறது. படத்தில் அதற்குப் பெட்டியே இல்லை.