சூடானைப் பற்றித் தொடர்ந்து பேசுவதால் யாருக்குப் பயன்?

வேனில்:
சூடான் பற்றிய என் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எழுதினால் சூடான் ராணுவத் தலைவர் ஜெனரல் புர்ஹான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவாரா?" என்று கதிரேசன் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இந்தத் தனி இழை.

2018 டிசம்பரில் ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்று பவுண்டாக ஏறியது. அட்பாரா என்ற ரயில்வே நகரத்தில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 30 ஆண்டு ஆண்ட அதிபர் பஷீர் வீழ்ந்தார். அப்போது வெள்ளை உடையில் கார் மேல் நின்று கோஷமிட்ட ஆலா சாலா என்ற மாணவியை உலகமே பார்த்தது. ஆனால் ஆட்சி ஜெனரல்களின் கைக்குப் போனது. 2019 ஜூன் 3 அன்று, மக்களாட்சி கேட்டு ராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்திருந்தவர்கள் மீது படைகள் பாய்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நைல் ஆற்றிலிருந்து உடல்களை எடுத்தார்கள். உடனே இணையத்தைத் துண்டித்தார்கள், ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. அந்த நாட்களில் உள்ளே நடந்ததை வெளியே சொன்னவர்களில் முக்கியமானவர்கள் வெளிநாடுகளில் இருந்த சூடானியர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இருந்திருக்காவிட்டால்?

கதிரேசன்:
கேட்க ஆள் இருந்தது. என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அதே ஜூனில் சூடானுக்கு ஆதரவாக எல்லோரும் முகப்புப் படத்தை நீலமாக்கினார்கள். நானும் மாற்றினேன். "எங்களைப் பின்தொடர்ந்தால் சூடானியருக்கு உணவு தருவோம்" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு முளைத்தது, லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள், கடைசியில் அது போலி. இரண்டே ஆண்டில், 2021 அக்டோபர் 25 அன்று, அதே ஜெனரல்கள் மக்கள் தரப்போடு பகிர்ந்திருந்த இடைக்கால ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 2023 ஏப்ரலில் ராணுவம் ஒரு பக்கம், ஆர்எஸ்எஃப் என்ற துணைப்படை மறுபக்கம் என்று தங்களுக்குள்ளேயே போர் தொடங்கினார்கள். நம் கவனம் இதில் எதைத் தடுத்தது?

இன்னொன்று. 2019 ஜூன் 30 அன்று இணையமே இல்லாமல் பெருந்திரளாக மக்கள் ஊர்வலம் போனார்கள். துண்டறிக்கையும் குறுஞ்செய்தியும் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் போதுமாக இருந்தன. அந்த மக்களுக்கு நம் உதவி தேவைப்படவே இல்லை.

நிலாமதி:
கதிரேசன், அந்த நீலம் ஜூன் 3 அன்று கொல்லப்பட்ட ஓர் இளைஞருக்குப் பிடித்த நிறம். அவரை இழந்தவர்கள் துக்கத்தில் தொடங்கியது அது. மோசடிக்காரன் அதற்குள் புகுந்ததற்காகத் துக்கப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 30 பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஊர்வலம் போக அவர்களுக்கு நாம் வேண்டாம். ஆனால் ஊர்வலம் முடிந்த பிறகு பேச்சுவார்த்தை மேசை வருகிறதே, அங்கேதான் சிக்கல். 2021 கவிழ்ப்புக்குப் பிறகு தெருவில் நின்றவர்கள் எதிர்ப்புக் குழுக்கள், அதாவது மக்களே தங்கள் பகுதிகளில் அமைத்த குழுக்கள். பேச்சுவார்த்தை இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரம் இல்லை என்று மூன்று 'இல்லை'களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தூதர்களோ ஜெனரல்களோடு உடன்பாடு காணத்தான் ஓடினார்கள். தெருவை யாரும் பார்க்காதபோது கண்ணில் படுவது துப்பாக்கி வைத்திருப்பவன் மட்டும்தான். அப்புறம் அவனோடுதான் எல்லோரும் பேசுவார்கள்.

கதிரேசன்:
இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூதர்கள் நம் இழையைப் படித்துவிட்டா முடிவெடுக்கிறார்கள்?

வேனில்:
படிக்க மாட்டார்கள். ஆனால் அழுத்தம் விழுந்த இடங்களும் உண்டு. ஜூன் 3 படுகொலை நடந்த மூன்றாம் நாள் ஆப்பிரிக்க ஒன்றியம் சூடானை இடைநீக்கம் செய்தது. 2021 கவிழ்ப்பு நடந்த சில நாட்களில் உலக வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. கொலையும் கவிழ்ப்பும் மறைக்க முடியாதபடி வெளியே தெரிந்ததால்தான் இது நடந்தது என்பது என் கருத்து. டார்ஃபூரில் உள்ள எல் ஃபாஷரை யோசியுங்கள். 500 நாளுக்கு மேல் முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர். 2025 அக்டோபர் 26 அன்று அது ஆர்எஸ்எஃப் படையிடம் வீழ்ந்த பிறகுதான் பெரிய ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன. அந்த 500 நாளும் பார்த்திருக்க வேண்டும்.

யாழ்மொழி:
நான் இருவரோடும் முழுசாக ஒத்துப்போகவில்லை. போர் தொடங்கியதும் எதிர்ப்புக் குழுக்களில் இருந்த பலர் அவசர உதவி அறைகள் என்ற தன்னார்வக் குழுக்களை அமைத்துப் பொதுச் சமையல்கூடம் நடத்தப் போனார்கள். இரண்டு தரப்புமே அவர்களைக் கைது செய்கின்றன. அவர்களின் முகம், தெருப் பெயர் தெரியும் படங்களைக் "கவனம் ஈர்க்க" என்று நாம் பகிர்ந்தால், அது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகவே முடியலாம். வேனில், போன வாரம் நீங்கள் பகிர்ந்த சமையல்கூடப் படத்தில் நான்கு முகங்கள் தெளிவாக இருந்தன.

வேனில்:
நீங்கள் சொல்வது சரி. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இப்போதுதான் அந்தப் படத்தை நீக்கினேன். இனி அவர்களே பொதுவில் வெளியிட்ட அறிக்கைகளை மட்டும் தருகிறேன்.

நிலாமதி:
போரை "இரண்டு ஜெனரல்களின் சண்டை" என்று மட்டும் எழுதும்போது இந்தச் சமையல்கூடங்கள் காணாமல் போகின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது நூற்றுக்கணக்கான கூடங்கள் மூடப்பட்டன. அது எத்தனை இடத்தில் முதல் பக்கச் செய்தி ஆனது? அதே ஆண்டு அந்த அறைகளுக்கு நார்வேயின் ராஃப்டோ பரிசு கிடைத்தது. அதுவும் பலருக்குத் தெரியாது. ஜனநாயகம் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள்தான் அங்கே பசியாற்றினார்கள். எனக்கு இதுவும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

கதிரேசன்:
நீலப் படமும் ஹேஷ்டேகும் வீண் என்ற என் கருத்து மாறவில்லை. ஏமாந்தது இன்னும் உறுத்துகிறது. ஆனால் மூடிய சமையல்கூடங்கள் பற்றி எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

வேனில்:
டபங்கா வானொலியில் தொடங்குங்கள். சூடானியச் செய்தியாளர்கள் நெதர்லாந்திலிருந்து 2008 முதல் நடத்துகிறார்கள், ஆங்கிலப் பக்கமும் உண்டு. வாரம் ஒரு செய்தியை இங்கே தமிழில் சுருக்கி எழுதுகிறேன். யாழ்மொழி, பதிவிடும் முன் உங்களுக்கு அனுப்பட்டுமா? ஆபத்தான விவரம் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

யாழ்மொழி:
அனுப்புங்கள், பார்க்கிறேன்.