பொருள்: உமிழ்நீர் "பயோமார்க்கர்": வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். வாய்ப்புற்று ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சில் வாங்கி அதில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் எவ்வளவு என்று பார்ப்பார்கள். செல் சிதைந்தால் வெளியே கசிகிற நொதி அது. நோய் இருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட பொருள்களைப் பயோமார்க்கர் என்கிறார்கள். "உயிரிக்குறிப்பான்" என்று போட்டேன், எனக்கே ஒட்டவில்லை. கையெழுத்துப் போடப்போகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பக்கம் அதிகம் போகாதவர்கள். உதவுங்கள்.
ம.

ம. அவர்களுக்கு, "உயிரி" என்றால் ஓர் உயிரினம். காற்று மாசைக் காட்டும் பாசிக்காளானை உயிரிக்காட்டி என்றால் தகும். நொதி உயிரினமா? அப்புறம் "குறிப்பான்" என்பது வினைமுற்று, "நாளை அவன் குறிப்பான்". உயிர்ச்சுட்டி என்றே சொல்லுங்கள்.
க.சு.

ஐயா, சுட்டி என்றால் எங்கள் வீட்டில் பேரன், அலுவலகத்தில் கணினி மவுஸ். நொதி பற்றி ஒன்று: என்சைம் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஈஸ்டுக்குள் இருப்பது என்று பொருள். நம் நொதியும் நொதித்தலில் இருந்துதான் வருகிறது. இட்லி மாவு பொங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். (படிவத்துக்கு இதனால் பயனில்லை, தெரியும்.)
இரா.மு.

இலங்கையில் நாங்கள் நொதியம் எண்டுதான் படிச்சனாங்கள். உமிழ்நீர் புத்தகத்தில, வாயில துப்பல். எச்சில் எண்டு மட்டும் போடாதேங்கோ, மிச்சம் வச்ச சோறும் எச்சில்தானே. தீட்டு நினைவும் சேர்ந்து வரும்.
த.

சித்த மருத்துவத்தை ஏன் எவரும் தொடவில்லை? சிறுநீரைப் பார்த்து நோயறியும் நீர்க்குறி, நெய்க்குறி இருக்கின்றனவே. நெய்க்குறியில், சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டுப் பார்ப்பார்கள்: பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் பரந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். உடல்நீரைக் கொண்டு நோயறிவதற்குக் "குறி" என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. உமிழ்நீர்க்குறி. முடிந்தது.
வை.

முடியவில்லை. குறி சொல்லுகிறவளிடம் போகிற மாதிரி இருக்கிறது. "நோய்நாடி நோய்முதல் நாடி" குறளில் அடுத்து வரும் வாய்நாடி எப்படி?
இரா.மு.

இரா.மு., அங்கே வாய் என்பது வழி, உபாயம். பரிமேலழகரைப் பாருங்கள். வாய் என்றதும் பல்லையும் நாக்கையும் தேடாதீர்கள்.
க.சு.

நான் பல் மருத்துவர், இலக்கணம் தெரியாது. ஆனால் ஒரு கவலை. ஈறு வீங்கிச் சீழ் வைத்தவர் எச்சிலிலும் இதே நொதி கூடும். செல்களைச் சுற்றித் தாங்கும் திசுவை அரிக்கும் மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டியேஸ் என்ற நொதியின் கதையும் அதுதான். அளவு கூடியதாலேயே புற்று என்று ஆகாது, திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. நீங்கள் "காட்டி" என்றாலும் "சுட்டி" என்றாலும் என்னிடம் வருகிறவர் "மெஷின் காட்டிடுச்சு" என்று அழுதுவிடுவார். குறி கொஞ்சம் தணிவு, தடயம் என்றால் நான் இன்னும் பிழைப்பேன்.
பா.

தடயம் போலீஸ்காரன் சொல். புற்று என்ன கொலையா செய்தது?
க.சு.

செய்கிறதே ஐயா.
பா.

எல்லோருக்கும் நன்றி. படிவத்தில் இப்படிப் போட்டுவிட்டேன்: "உங்கள் எச்சிலில் (உமிழ்நீரில்) உள்ள சில நொதிகளின் அளவு, நோய் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு தடயமாகலாம். ஈறு வீக்கத்தாலும் இந்த அளவு கூடலாம்." தலைப்பில் மட்டும் உமிழ்நீர்க்குறி. நால்வர் ஒத்துக்கொண்டார்கள், அல்லது களைத்துப்போனார்கள். துப்பலை அடுத்த பதிப்பில் பார்க்கலாம் அக்கா.
ம.

உயிர்ச்சுட்டியை நான் இன்னும் விடவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.
க.சு.