கீழ் பாத்ரூம்: அம்மா அப்பா வர்றதுக்குள்ள

குழு: வடக்குத் தெரு வீடு 🏠

செவ்வாய்

செந்தில் அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். அம்மா அப்பா டிக்கெட் ஜூன் 14 உறுதி ஆயிடுச்சு. சிகாகோ பக்கம் நம்ம நேப்பர்வில் வீட்டுல கீழ இருக்கிற பாத்ரூம்ல குளிக்கிற தொட்டியை, அந்த டப்பை எடுத்துட்டு, காலைத் தூக்காம நேரா நடந்து போற மாதிரி ஷவர் போடப் போறேன். வேலை பிளம்பர் பார்த்துக்குவார், சாமான் நான் வாங்கித் தரணும். வீட்டு வேலைச் சாமான் விக்கிற கடை ஹோம் டிப்போ, லோஸ், மெனார்ட்ஸ் மூணும் பக்கத்துலயே இருக்கு. எங்க வாங்கலாம்? விலை, தரம், கேட்டா பதில் சொல்ற ஆளு, மூணையும் வச்சு சொல்லுங்க.

அம்மா: ரொம்ப சந்தோஷம்யா. சாம்பார் பொடி ஒரு கிலோ அரைக்கவா ரெண்டு கிலோவா?

பாலா: மெனார்ட்ஸ். 11% திரும்ப வரும்

வள்ளி சித்தி: லோஸ் தான். யோசிக்கவே வேண்டாம்

முருகேசன் மாமா: செந்தில், அவசரப்படாதே. ஆபீஸ் முடிஞ்சு விவரமா எழுதுறேன்.

பாலா: 😬

அப்பா: எனக்கு எதுக்குய்யா இவ்வளவு செலவு. டப்புல ஏறி இறங்க எனக்குத் தெரியாதா?

ரேவதி மதினி: மாமா, முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இன்னும் நாலு மாசம்கூட ஆகல. டப்பு விளிம்பு என் முட்டி உயரம் இருக்கு.

அப்பா: சரிம்மா

பாலா: மதினி சொன்னா மட்டும் சரியாம்

முருகேசன் மாமா: செந்தில், இப்ப கேளு. ஹோம் டிப்போ எங்க ஊர்க் கடை. முதல் கடைகளை 1979ல அட்லாண்டாவுலதான் திறந்தாங்க. எங்க ஊர்க் கடைங்கிறதுக்காகச் சொல்லல. பொதுவா எந்தச் சாமானையும் 90 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். அவங்க கார்டுல வாங்கினா பெரும்பாலான சாமானுக்கு 365 நாள். பாத்ரூம் வேலைல இது ரொம்ப முக்கியம். குழாய் வேலையில பாதிச் சாமான் அளவு சேராது, மூணு வாங்கி ரெண்டைத் திருப்புவோம். வேலை இழுத்துட்டே போனாலும் ரசீது செத்துப் போகாது. அதோட பெரும்பாலும் பழைய பிளம்பர், எலக்ட்ரீஷியன் யாராவது ஒருத்தர் ஆரஞ்சு ஏப்ரன் போட்டு நிப்பாங்க. காலைல ஏழு மணிக்குப் போ. கான்ட்ராக்டருங்க வர்ற நேரம் அது, விவரம் தெரிஞ்ச ஆளும் அப்பதான் கிடைப்பாங்க. சனிக்கிழமை மத்தியானம் போனா ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க.

வள்ளி சித்தி: அண்ணே, லோஸ் 1921லயே வந்த கடை. நார்த் கரோலினாவுல நார்த் வில்க்ஸ்போரோவுல. இப்ப தலைமை ஆபீஸ் எங்க வீட்டுலருந்து அரை மணி நேரம், மூர்ஸ்வில்

முருகேசன் மாமா: அது உனக்கு ஊர்ப் பாசம் வள்ளி.

வள்ளி சித்தி: உங்களுக்கு?

பாலா: 😂

வள்ளி சித்தி: செந்தில், லோஸ் கார்டுல எந்த நாள் வாங்கினாலும் 5% பில்லுலயே கழிஞ்சிரும். கூப்பன் தேட வேண்டாம், தபால் அனுப்ப வேண்டாம். எங்க சமையலறைக் கேபினெட் அங்க எடுத்ததுதான், ஏழு வருஷமா ஒரு கதவு தொங்கல

செந்தில் அண்ணன்: பாலா, 11% பத்திச் சொல்லு. சாமான் மட்டும் 3000 டாலர் வரும்னு கணக்கு.

பாலா: 330 வரும்

பாலா: ஆனா காசா வராது. அடுத்த தடவை அங்கேயே வாங்குறதுக்குச் சீட்டு

பாலா: எல்லா வாரமும் ஓடாது. ஓடுற வாரம் பார்த்து வாங்கணும்

நான்: நான் போன வருஷம் வேலி போட்டப்ப வாங்கினேன் அண்ணா. ரசீதோட கூடவே ரிபேட் ரசீதுன்னு ஒண்ணு தனியா வரும், அதைத் தொலைச்சிராத. படிவத்தோட சேர்த்து உறையில போட்டு தபால்ல அனுப்பினேன். சீட்டு வீட்டுக்கு வர எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அதை அவங்ககிட்டதான் செலவழிக்க முடியும். லோஸ்ல 3000க்கு 150தான் கழியும், ஆனா அது அன்னைக்கே கையில.

ரேவதி மதினி: எப்படியும் கோடைல தோட்டத்துக்கு மண்ணு, பலகைன்னு வாங்கத்தானே போறோம். சீட்டு வீணாகாது

செந்தில் அண்ணன்: நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டியா?

ரேவதி மதினி: பலகைக்கு மட்டும்தான் சொன்னேன்

அம்மா: சாம்பார் பொடி?

புதன்

வள்ளி சித்தி: ஒரு விஷயம் செந்தில். பொருத்துற வேலையைக் கடை மூலமா குடுக்காதே. எங்க கிச்சன் மேடைக்கு ஒரு கடை அனுப்பின ஆளு ஒன்றரை இன்ச் குறைச்சு அளந்துட்டார். கல்லு வந்து இறங்கினப்பதான் தெரிஞ்சது. மூணு வாரம் பாத்ரூம் சிங்க்ல பாத்திரம் கழுவினேன்

பாலா: எந்தக் கடை?

வள்ளி சித்தி: அது வேண்டாம்டா. அந்த ஆளு கடை ஆளே இல்ல, வெளியாளு. கடைக்காரங்க அவரைக் கேளுங்கறாங்க, அவர் கடையைக் கேளுங்கறார்

முருகேசன் மாமா: இது உண்மை. பெரிய கடைங்க எதுலயும் பொருத்துற வேலை பெரும்பாலும் வெளி கான்ட்ராக்டர்தான். நீ நேரா பிளம்பரைப் பிடிச்சது நல்லதாப் போச்சு.

முருகேசன் மாமா: இன்னொண்ணு. குழாய்ல மோயன், டெல்டா, கோலர் கம்பெனி எல்லாம் எல்லாக் கடையிலயும் இருக்கும். ஆனா பார்க்க ஒரே மாதிரி இருக்கிற குழாய்க்குக் கடைக்குக் கடை மாடல் நம்பர் வேற போட்டிருப்பாங்க. விலையைச் சமமாக்கிக் குடுன்னு கேட்டா, அதே மாடலா இருக்கணும்னு சொல்லி அனுப்பிருவாங்க. நம்பரைப் பார்த்து ஒப்பிடு. ஷவர்ல சுவருக்கு உள்ள போறது வால்வு, வெளிய தெரியறது ட்ரிம். வெளிய இருக்கிறதை எப்ப வேணும்னாலும் மாத்தலாம். உள்ள இருக்கிறதை மாத்தணும்னா டைல்ஸை உடைக்கணும். அதனால காசை உள்ள போடு. சிங்க்குக்குக் கீழ வர்ற அலமாரி, அதான் வேனிட்டி, வாங்கும்போது கதவைத் திறந்து உள்பக்கம் பாரு, அமுக்கின மரத்தூள் பலகைன்னா தண்ணி பட்டா ஊதிரும். ப்ளைவுட் பாடியா கேளு. இது மூணு கடையிலயும் நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, கடை பேரை நம்பி எடுக்காதே.

அப்பா: மாப்ள சொல்றது சரி. பொதுப்பணித் துறையில நாங்களும் மறைஞ்சு போற வேலையைத்தான் முதல்ல அளப்போம். மூடின பிறகு அளக்க முடியாது.

முருகேசன் மாமா: நன்றி மச்சான் 🙏

பாலா: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன். அப்பா மாமாவைப் பாராட்டின நாள்

நான்: அண்ணா, தரைக்கு என்ன போடப் போற?

செந்தில் அண்ணன்: இது பிடிச்சிருக்கு. 2 அடிக்கு 1 அடி, வெள்ளை மார்பிள் மாதிரி. [படம்]

அம்மா: அழகா இருக்குய்யா

நான்: வேண்டாம் அண்ணா. வழுவழுன்னு எதுவும் வேண்டாம். ஆச்சி விழுந்தது மறந்து போச்சா?

வள்ளி சித்தி: அந்த டைல்ஸ் எடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும்

அம்மா: வள்ளி

வள்ளி சித்தி: நான் ஒண்ணும் சொல்லலக்கா

ரேவதி மதினி: பாப்பா டான்ஸ் வீடியோ எல்லாரும் பார்த்தீங்களா?

பாலா: பார்த்தேன் மதினி, சூப்பர் 👏

அம்மா: என் தங்கம். திருஷ்டி சுத்திப் போடும்மா

வியாழன்

முருகேசன் மாமா: நேத்து ராத்திரி எழுத உக்காந்தேன், முடியல. வள்ளி சொன்னது சரிதான். வடக்குத் தெரு வீட்டு பாத்ரூமுக்கு அந்த டைல்ஸை நான்தான் எடுத்தேன். அமெரிக்காவுல இருந்து வந்திருக்கேன், வீடு பளிச்சுனு இருக்கணும்னு கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டதா பார்த்து எடுத்தேன். கொத்தனார் அப்பவே சொன்னார், ஈரம் பட்டா வழுக்கும் சார்னு. நான் கேக்கல. அடுத்த ஆடில எங்கம்மா, உங்க ஆச்சி, அதுல விழுந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க எந்திரிச்சு நடக்கல. நான் இன்னைக்கும் எந்தக் கடையில டைல்ஸ் பக்கம் போனாலும் முதல்ல உள்ளங்கையைத்தான் வச்சுப் பார்ப்பேன். செந்தில், நீ கேட்டதுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எந்தக் கடையா இருந்தாலும் ஒரு பாட்டில் தண்ணி கொண்டு போ. மாதிரி டைல்ஸைத் தரையில வச்சு, தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு கால் வச்சுப் பாரு. பெட்டியிலயோ வெப்சைட்டுலயோ டிசிஓஎஃப்னு, ஈரத்துல எவ்வளவு பிடிக்கும்னு காட்டுற ஒரு எண் இருக்கும். ஈரத் தரைக்கு 0.42க்குக் குறையக் கூடாது. குளிக்கிற இடத்துல அதுக்கு மேலயே இருக்கட்டும். ஷவர் தரைக்கு 2 இன்ச் சின்னச் சின்ன மொசைக்கா எடு. நடுவுல கோடு நிறைய வரும், கால் பிடிக்கும்.

வள்ளி சித்தி: அண்ணே

வள்ளி சித்தி: நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது

முருகேசன் மாமா: விடும்மா. சொல்ல வேண்டியதுதான்.

அப்பா: செந்தில், தரை மாமா சொல்ற மாதிரியே இருக்கட்டும்.

சனி

செந்தில் அண்ணன்: மூணு கடையும் போய்ட்டு வந்துட்டேன். காலைல ஏழு மணிக்கு ஹோம் டிப்போ. மாமா சொன்ன மாதிரியே பிளம்பிங் பக்கம் ஒரு பெரியவர், காதுல பென்சில். முப்பது வருஷம் பிளம்பரா இருந்தவராம். நான் வால்வைக் கேட்டேன், அவர் திருப்பி, உங்க டப்பு டிரெயின் எத்தனை இன்ச்னு கேட்டார். தெரியலன்னேன். டப்புக்கு ஒன்றரை இன்ச் குழாய்தான் போட்டிருப்பாங்க, ஷவரா மாத்தினா 2 இன்ச் வேணும், தரையைத் திறக்கணும், பெர்மிட்டுக்கு வர்ற இன்ஸ்பெக்டர் முதல்ல அதைத்தான் பார்ப்பார்னார். கையில குழாய்த் துண்டு ரெண்டையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார். எனக்கு அப்பதான் புரிஞ்சது. எங்க பிளம்பர் போட்ட கொட்டேஷன்ல இதுவே இல்ல.

அப்பா: சரியான ஆளு. அவர் பேர் கேட்டியா?

செந்தில் அண்ணன்: கேக்கல அப்பா

அப்பா: அடுத்த தடவை கேளு

நான்: பிளம்பர்கிட்ட சொன்னியா?

செந்தில் அண்ணன்: போன் பண்ணினேன். திங்கக்கிழமை வந்து திறந்து பார்க்கிறாராம்

செந்தில் அண்ணன்: ஷவர்ல பிடிச்சுக்கிற கைப்பிடியைப் பத்தியும் அந்த ஹோம் டிப்போ பெரியவரே சொன்னார். டைல்ஸ் மேல வெறுமனே முறுக்கினா கையோட வந்துரும். சுவர்ல மரச்சட்டம் 16 இன்ச்சுக்கு ஒண்ணுதான் இருக்கும், நமக்குப் பிடி வேண்டிய இடத்துல சட்டம் இருக்காது. அதனால சுவரை மூடுறதுக்கு முன்னாடியே ரெண்டு சட்டத்துக்கு நடுவுல குறுக்கு மரம் அடிக்கணும். 250 பவுண்டு தாங்கணும்னு கணக்கு.

பாலா: மரம் மெனார்ட்ஸ்ல வாங்கு

செந்தில் அண்ணன்: மரம், சிமென்ட் போர்டு, ஸ்க்ரூ எல்லாம் அங்கதான் வண்டியில போட்டுட்டேன். இந்த வாரம் 11% ஓடுது. டூ பை எய்ட் பலகையைக் குனிஞ்சு ஒவ்வொண்ணா நீளவாக்கில பார்த்து, வளையாததா ஆறு எடுத்தேன். ரேவதி ஒரு முனையில நின்னா.

ரேவதி மதினி: இருபது பலகை பார்த்தோம். ஆறு தேறிச்சு

வள்ளி சித்தி: லோஸ் போகலையா

செந்தில் அண்ணன்: போனேன் சித்தி. தண்ணி பாட்டிலோட போனேன். நாலு டைல்ஸ் இறக்கிப் பார்த்தேன், ரெண்டு நல்லா பிடிக்குது. ஒரு பொண்ணு என்ன பண்றீங்கன்னு கேட்டா. அப்பா வர்றார்னு சொன்னேன். துணி கொண்டு வந்து துடைச்சுக் குடுத்துட்டு, வேற ரெண்டு எடுத்துக் குடுத்தா.

வள்ளி சித்தி: பார்த்தியா ❤️

முருகேசன் மாமா: பெட்டி எல்லாம் ஒரே லாட் நம்பரா பார்த்து எடு. நிறம் மாறிரும். பத்து சதவீதம் கூட வாங்கு.

செந்தில் அண்ணன்: இன்னும் வாங்கல மாமா. சாம்பலா மண் நிறமான்னு ரேவதிக்கும் எனக்கும் ஒத்து வரல

ரேவதி மதினி: மண் நிறம்

நான்: சாம்பல் அண்ணா. ஈரம் இருந்தா மண் நிறத்துல தெரியாது, பார்த்து கால் வைக்கணும்ல

ரேவதி மதினி: சாம்பல்ல சோப்பு கறை தெரியும் கவிதா

பாலா: ஆரம்பிச்சாச்சு

அம்மா: உங்க அப்பா காலையிலருந்து டேப்பை வச்சுக்கிட்டு சுவரோரம் நிக்கிறார்

அப்பா: [படம்]

அப்பா: குறிச்சுக்கோ செந்தில். கையை இயல்பா மடக்கிப் பிடிச்சா எனக்குத் தரையிலருந்து 36 இன்ச். உங்க அம்மாவுக்கு 33.

செந்தில் அண்ணன்: ரெண்டு கைப்பிடி வேணுமா அப்பா? நீங்க ஒண்ணே வேண்டாம்னீங்க

அப்பா: ஒண்ணு சாய்வா போட்டா ரெண்டு பேருக்கும் ஆகுமான்னு உங்க மாமாகிட்ட கேளு.

முருகேசன் மாமா: மச்சான், சாய்வுல ஈரக்கை வழுக்கும். ஆளுக்கு ஒண்ணு போடட்டும். குறுக்கு மரம் அகலமா அடிச்சா ரெண்டு உயரமும் அதுலயே வந்துரும். உங்களுக்கு எந்த முட்டி?

அப்பா: வலது

முருகேசன் மாமா: அப்ப உள்ள போறப்ப இடது கைக்கா வலது கைக்கான்னு நின்னு பார்த்துச் சொல்லுங்க.

அப்பா: இரு, நின்னு பார்க்கிறேன்

வள்ளி சித்தி: அப்ப டைல்ஸ் லோஸ் தானே?

செந்தில் அண்ணன்: நாளைக்கு ரேவதியோட இன்னொரு தடவை போறேன் சித்தி

அம்மா: ரெண்டு கிலோ அரைச்சிட்டேன்