புது கார்: எந்த பெட்ரோல் போடுவது? பிரேக் பெடல் ஏன் அதிர்கிறது?

உறையூர் ஜெராக்ஸ்:

வணக்கம். எங்கள் குடும்பத்திலேயே முதல் கார். பெட்ரோல், மேனுவல் கியர், 2025 மாடல், 6 ஏர்பேக். டெலிவரி அன்று ஷோரூமில் பூசணிக்காய் சுற்றி, கேக் வெட்டி, போட்டோ எடுத்ததிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. வண்டியைப் பற்றிச் சொன்னது ஐந்து நிமிடம். அதிலும் பாதி ப்ளூடூத்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. சாதா பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், இன்ஜின் போய்விடும், பிரீமியமே போடு என்கிறார் மச்சான். பங்கிலும் வண்டியைப் பார்த்ததுமே "புது வண்டி சார், 95 போட்டுடலாமா?" என்கிறார்கள். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்தால் இரண்டு ரூபாய் வாங்குகிற கடை என்னுடையது.

அடுத்தது சீட் கவர். 9,500 ரூபாய்க்கு லெதர் கவர் போட்டால், பெல்ட் அலாரத்தை நிறுத்தும் கிளிப் இலவசம் என்கிறார் கடைக்காரர். என் மாமியார் பின் சீட்டில் பெல்ட் போட மாட்டார், கழுத்தை அறுக்கிறதாம். அவர் மடியில்தான் என் பெண், இரண்டரை வயது. கார் கத்திக்கொண்டே வருகிறது. கிளிப்பை வாங்கிவிடலாமா?

கடைசியாக ஒன்று. மதுரை போகும்போது துவரங்குறிச்சி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. ஓங்கி மிதித்ததில் பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. வண்டி நேராகத்தான் நின்றது. இருந்தாலும் பிரேக்கில் கோளாறோ என்று பயம்.

ராத்திரி ஷிப்ட்:

சார், பங்கில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். பிரீமியம் இவ்வளவு விற்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறோம். "சாதா போதும்" என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பிறகு கறை நிற்கிறதா என்று பார்க்கலாம். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவைப் பாத்திரம் எல்லா பங்கிலும் இருக்கும். கேட்டால் காட்டியே ஆக வேண்டும்.

பழைய பட்டறை:

தம்பி, முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். இ20 ஸ்டிக்கர் இருக்கும். ஏப்ரல் 2023க்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர் குழாய், சீல் எல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்குகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். உங்கள் மச்சான் சொல்வது பழைய வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தலாம், உங்களுக்கு இல்லை. மைலேஜ் கொஞ்சம் அடிபடும் என்பது உண்மை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கிற சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பங்கில் சொல்கிற அந்த 95 ஆக்டேன் எண். அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது பெட்ரோலின் பலம் இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தும்போது நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு. எத்தனாலுக்கே ஆக்டேன் அதிகம் என்பதால், நீங்கள் போடுகிற சாதா இ20 பெட்ரோலே இப்போது 95தான். மேனுவலில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் போட்டால் பங்க்காரருக்குத்தான் லாபம். 100 ஆக்டேனில் எத்தனால் கிடையாது, ஆனால் லிட்டர் 150 ரூபாயைத் தாண்டும். டர்போ வைத்த பெரிய இன்ஜின்காரர்கள் போடட்டும். ஒன்று மட்டும்: எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலியாக வைக்காதீர்கள்.

பெடல் அதிர்ந்தது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதுதான் காலில் தெரிகிறது. பயந்து காலை எடுப்பவர்கள்தான் போய் இடிக்கிறார்கள். இன்னும் அழுத்துங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகுங்கள். ஸ்டீயரிங் திரும்ப வேண்டும் என்பதற்குத்தான் ஏபிஎஸ்ஸே. மழை நாளில் ஆளில்லாத ரோட்டில் மெதுவான வேகத்தில் ஓங்கி மிதித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

சீட் கவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 6 ஏர்பேக் என்றால் முன் சீட்டின் கதவுப்பக்க ஓரத்தில் ஒரு சின்னத் துணி லேபிள் தைத்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன் மேல் கெட்டியான கவரை இழுத்துத் தைத்தால் பை எங்கே போகும்? அந்த ஓரம் திறந்திருக்கிற கவர்தான் வேண்டும். அப்புறம் டாஷ்போர்டில் பிள்ளையாரை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்? இடது பக்கம் ஏர்பேக் என்று எழுதியிருக்கிற மூடி மேல் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெடித்தால் அவர்தான் முதலில் உங்கள் மனைவி முகத்துக்கு வருவார்.

கிளிப்பைத் தொடவே தொடாதீர்கள். அதை விற்றதற்காக 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகள் மேலேயே உத்தரவு போட்டது. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிகிற ஆளை, விரிந்துகொண்டிருக்கிற பை முகத்தில் அறையும். காரை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கிற பாரத் என்கேப் சோதனையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடும்போது பொம்மைகளுக்கும் பெல்ட் மாட்டித்தான் உட்கார வைக்கிறார்கள். ஸ்டார் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தது.

அம்முவின் அம்மா:

அண்ணா, மடியில் வைப்பதை மட்டும் உடனே நிறுத்துங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால்கூடப் பாட்டியால் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பாட்டியும் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய எடையும் சேர்ந்து பிள்ளை மேல் விழும். அந்த 9,500ஐ சைல்ட் சீட்டில் போடுங்கள். பின் சீட்டின் முதுகும் அடியும் சேருகிற இடுக்கில் கையை விட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ். சீட்டை அதில் கிளிக் என்று மாட்டி, மேலே வரும் பட்டையைப் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் இறுக்குங்கள். நிறைய பேர் அந்தப் பட்டையை மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் ஒரே அழுகை. அப்புறம் ஜன்னல் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்து பழகியதும் இறங்கவே மாட்டேன் என்றாள்.

உறையூர் ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. பிள்ளையாரை ஸ்பீடோமீட்டர் பக்கம் மாற்றியாயிற்று. மாமியாருக்குத்தான் வழி தெரியவில்லை.

பழைய பட்டறை:

கழுத்தை அறுக்கிறது என்றால் ஆள் குட்டையாக இருப்பார். கதவை ஒட்டி உட்காராமல் பக்கிள் பக்கம் கொஞ்சம் நகரச் சொல்லுங்கள், பட்டை தோளுக்கு வந்துவிடும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பில், புடவைக் கொசுவத்துக்குக் கீழே படிய வேண்டும். அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்ள மட்டும் விடாதீர்கள், விலா எலும்பு உடையும்.