முகம் மாறியவரை எது காட்டிக்கொடுக்கிறது? வாள்வீச்சுக் கதைகளில் கண்ட இடங்கள் (நீலக்கல், வாளுறை, பழைய அட்டை, மசிக்கூடு என்ற புனைபெயர்களில் நால்வர் பேசிக்கொண்டது)

நீலக்கல்
‘மூன்று மஸ்கட்டியர்கள்’ (1844) நாவலின் வில்லி மிலேடி யார் என்பது ஒரே அடியில் உடைவதில்லை. நாவலை எழுதிய அலெக்சாந்தர் தூமா அதை மூன்று தவணையாகக் கொடுக்கிறார்.

முதல் தவணை 27ஆம் அத்தியாயம். அமியான் சத்திரத்தில் மூக்குமுட்டக் குடித்த மஸ்கட்டியர் அத்தோஸ், யாரோ ஒரு நண்பனுக்கு நடந்ததாக ஒரு கதை சொல்கிறான். வேட்டையில் மனைவி குதிரையிலிருந்து விழுந்து மயங்குகிறாள். மூச்சு முட்டாமலிருக்க உடுப்பைக் கத்தியால் கிழித்தால், தோளில் குற்றவாளிக்குப் போடும் அல்லிப்பூச் சூடு. கணவன் அவளை மரத்தில் தூக்கிலிட்டுவிடுகிறான். கதை முடிவதற்குள் ‘அவன்’ நழுவி ‘நான்’ ஆகிவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் இளம் நாயகன் தார்த்தஞான் புரிந்துகொள்கிறான், வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது, நீலக்கல் மோதிரம். இருட்டில் வேறொருவன் என்று நம்பி மிலேடி அதைத் தார்த்தஞானுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் விரலில் அதைக் கண்டதும் அத்தோஸ் வெளிறிப்போகிறான். தன் தாயின் மோதிரம், தான் மனைவிக்குக் கொடுத்தது. ஆனாலும் பார்த்தவுடன் அவனைத் தூமா நம்பவிடவில்லை. ஒரே மாதிரி இரண்டு கல் இருக்கலாமே? தன்னுடையதில் ஒரு பட்டையில் கீறல் உண்டு என்கிறான். திருப்பிப் பார்த்தால் கீறல் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கீறலைத்தான். பொருள் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது முக்கியமில்லை, அதிலுள்ள பழுதுதான் சாட்சி.

மூன்றாவது 37ஆம் அத்தியாயம். தார்த்தஞானோடு கைகலப்பில் மிலேடியின் மெல்லிய இரவு உடை கிழிகிறது, தோளில் அதே பூ. அத்தோஸ் தூக்கிலிட்ட மனைவிதான் மிலேடி.

வாளுறை
வரிசையை மாற்றிப் பாருங்கள், நீலக்கல். தோள் முதலில் வந்திருந்தால் அது வெறும் அதிர்ச்சி. இப்போதோ தார்த்தஞானுக்குக் கதை தெரியும், மோதிரம் தெரியும். அந்த அறையில் புதிதாக ஒன்று தெரிந்துகொள்வது மிலேடிதான்: தன் ரகசியம் இவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நொடியே குத்துவாளோடு பாய்கிறாள். ரகசியத்தைக் கண்டுபிடித்தவனுக்குத்தான் உயிர்ப் பயம். பல தொடர்கதைகளில் இது தலைகீழாகிவிடும். வேடம் கலைந்தவன் நின்று இரண்டு பக்கம் விளக்கம் சொல்வான், எதிரி வாளைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பழைய அட்டை
சூட்டுக்குறி வைத்து எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அல்லிப்பூ எல்லாக் காலத்துக்கும் ஒத்துவராது. தூமாவின் கதை 1620களில் நடப்பதால் அங்கே சரி. 1724 அரசாணைக்குப் பிறகு பிரான்சில் திருடருக்கு ‘வி’ எழுத்து, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்றவருக்கு ‘ஜி.ஏ.எல்’. புரட்சிக் காலத்தில் சூடு போடுவது நின்றது, நெப்போலியன் காலத்தில் திரும்பி வந்தது, 1832இல் அடியோடு ஒழிந்தது. 1840இல் தண்டனை பெற்றவன் தோளில் சூடு தெரிகிறது என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும்.

வாளுறை
தூமாவின் இன்னொரு நாவல் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ பற்றி யாரும் பேசவில்லையே? எட்மண்ட் தாந்தேஸ் 19 வயதில் சிறைக்குப் போய் 14 வருடம் கழித்துத் தப்புகிறான். லிவோர்னோவில் முடிவெட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் தன்னையே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு பாரிசில் ஒவ்வொருவரும் அவனை ஒவ்வொரு வழியில் அறிகிறார்கள். சாகக் கிடக்கும் பழைய அண்டைவீட்டுக்காரன் கதரூஸுக்கு, தன் பாதிரியார் வேடத்தின் பொய்முடியைக் கழற்றிக் காட்டுகிறான். கதரூஸோ, தனக்குத் தெரிந்த ஆங்கிலேயப் பிரபு என்று நினைக்கிறான், அதுவும் இன்னொரு வேடம். இன்னும் பின்னால் போய் நினைத்துப் பார் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் காதில் பெயரைச் சொல்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்த ஃபெர்னாண்டுக்குப் பெயரைச் சொல்வதே இல்லை. தாந்தேஸ் உள்ளே ஓடி, கோட்டையும் டையையும் பிய்த்தெறிந்து, மாலுமிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். பல் தந்தியடிக்கிறது ஃபெர்னாண்டுக்கு. பெயரைச் சொல்வது தாந்தேஸ் இல்லை, ஃபெர்னாண்ட்.

தாந்தேஸை மணக்கவிருந்து பிறகு ஃபெர்னாண்டின் மனைவியான மெர்சிடிஸ் மட்டும் முதல் சந்திப்பிலேயே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் மகனின் உயிருக்கு ஆபத்து வரும் இரவு வரை பெயரைச் சொல்வதில்லை. நாவலின் நடுப்பகுதியைத் தாங்குவதே அந்த மௌனம்தான்.

மசிக்கூடு
அங்கே ஒரு இடறல் இருக்கிறது, வாளுறை. கண்ணாடி பார்க்கும் அதே இடத்தில், அழுகையும் சாபமுமாகக் கழிந்த வருடங்களில் குரலும் மாறிவிட்டதாகத் தூமா எழுதுகிறார். மாறிய குரலை வைத்து மெர்சிடிஸ் எப்படிக் கண்டுபிடித்தாள்?

வாளுறை
கேள்வி நியாயம். வாரா வாரம் அல்ல, நாளிதழில் தொடராக வந்த கதை, முன்னால் எழுதியது மறந்திருக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒருவர் பேசும் தாளம் தொண்டை கெட்டாலும் போவதில்லை. ஆனால் அதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

பழைய அட்டை
முகத்தை நம்பாதீர்கள் என்பதற்கு நிஜ வழக்கே இருக்கிறது. பிரான்சில் மார்த்தன் கேர் என்ற விவசாயி காணாமல் போய், அவன் பெயரில் ஆர்னோ து தில் என்பவன் 1556இல் ஊருக்குள் வந்து அவன் மனைவியோடே குடித்தனம் நடத்தினான். வழக்கில் சுமார் 150 பேர் சாட்சி சொன்னார்கள். அவன்தான் என்று சிலர், இல்லை என்று சிலர், அறுபதுக்கு மேற்பட்டவர்கள் எந்தப் பக்கமும் சொல்லத் துணியவில்லை. தெளிவாகப் பேசியவர் செருப்புத் தைப்பவர்: மார்த்தனின் கால் அளவு 12, இவனுடையது 9. அப்படியும் துலூஸ் நீதிமன்றம் 1560இல் இவனை விடுவிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மரக்கால் ஊன்றிக்கொண்டு உண்மையான மார்த்தன் வந்து நின்ற பிறகுதான் முடிந்தது.

மாறுவேடக் கதை எழுதுகிறவர் தன் நாயகனுக்குச் செருப்புத் தைத்தவரையும், சவரம் செய்தவரையும், குதிரை பிடித்தவரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பகைவன் தேடிப் போக வேண்டிய ஆட்கள் அவர்கள்தான்.

மசிக்கூடு
நம் பக்கம் ஒன்று. ‘பொன்னியின் செல்வ’னில் பனை இலச்சினை மோதிரம் வந்தியத்தேவனுக்குக் கோட்டைக் கதவைத் திறக்கிறது. நீலக்கல் சொன்ன மோதிரத்துக்கும் இதற்கும் வேலை வேறு. அது ஆள் யார் என்று சொல்கிறது. இது சொல்வதெல்லாம் அனுப்பியவர் பெரிய இடம் என்பதுதான். வைத்திருப்பவன் யார் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் காவலனிடம் அது செல்லும், கோட்டைத் தலைவரிடம் கேள்வியை வரவழைக்கும்.